மட்டக்களப்பின் ஈரக் காற்றில் பொலியூரேத்தேன்: ஐசோசயனேற்று–அற்ககோல் தாக்கத்தைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஐசோசயனேற்றும் அற்ககோலும் தாக்கமுற்றுப் பொலியூரேத்தேன் என்ற பிளாஸ்திக்கு உருவாவதைப் படிக்கவேண்டும் என்று வரும் மாணவர்கள், எந்த ஊக்கி, எந்த அற்ககோல் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் போத்தலுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது? ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்று கிடக்கும் நம் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எடுக்கும் வாசிப்பை நம்ப முடியாது. அது அற்ககோலின் வேகமா, காற்றிலிருந்து இறங்கிய நீரின் வேகமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல இயலாது. அதனால் இந்த வழிகாட்டி முழுக்க நீரைக் கணக்கில் எடுத்துக்கொண்டே நகரும்.

வந்தாறுமூலையிலும் சம்மாந்துறையிலும் விஞ்ஞானம் படிப்பவர்கள், இறுதியாண்டு ஆய்வுத்திட்டம் தேடுபவர்கள், உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கும் ஆசிரியர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். காகிதத்தில் செய்யும் பகுதியை யாரும் செய்யலாம். கையால் செய்யும் பகுதி, பியூம் ஹூட் உள்ள ஆய்வுகூடத்தில், அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். வீட்டுக் குசினியிலோ ரியூட்டரி வகுப்பு மேசையிலோ வேண்டவே வேண்டாம்.

படி 1: காகிதத்தில் தொடங்குங்கள்

ஐசோசயனேற்றுக் கூட்டத்தில் நைதரசன், காபன், ஒட்சிசன் மூன்றும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் நிற்கும். நடுவில் காபன், இரு பக்கமும் இரட்டைப் பிணைப்பு. அயலில் உள்ள இரண்டு அணுக்களும் மின்னெதிர்த்தன்மை கூடியவை என்பதால் இரண்டும் இலத்திரனை இழுக்க, நடுக் காபன் இலத்திரன் குறைந்து போகிறது. அற்ககோலின் ஒட்சிசனில் தனிச்சோடி இலத்திரன்கள் உண்டு. அது கருநாடியாக வந்து காபனைத் தாக்கும். அற்ககோலின் ஐதரசன் நைதரசனுக்கு இடம் மாறும். முடிவில் கிடைப்பது யூரேத்தேன் பிணைப்பு. இந்தப் பிணைப்புகளால் கோத்த நீண்ட சங்கிலிதான் பொலியூரேத்தேன்.

இங்கே ஒரு விடயத்தைக் கொப்பியில் அடிக்கோடிட்டு எழுதுங்கள்: எந்தச் சிறு மூலக்கூறும் வெளியேறுவதில்லை. நைலோனும் ரெரிலீனும் உருவாகும்போது நீர் வெளியேறுகிறது. பொலியூரேத்தேன் உருவாகும்போது எதுவும் வெளியேறாது. படிப்படியாக வளர்வது என்ற வகையில் அது ஒடுங்கல் பல்பகுதியங்களைப் போல. திணிவு குறையாதது என்ற வகையில் கூட்டற் தாக்கம். மாணவர்கள் குழம்புவது இங்கேதான். தராசு வைத்தே இதைக் காட்டலாம் என்பதால் பின்னால் அந்தப் பரிசோதனைக்கு வருகிறேன்.

அடுத்து, நீர். அதுவும் ஐதரொட்சில் கொண்ட கருநாடிதான். நீர் ஐசோசயனேற்றைத் தாக்கினால் முதலில் காபமிக் அமிலம் உருவாகும். அது நிலைக்காது, உடைந்து காபனீரொட்சைட்டையும் அமைனையும் தரும். அந்த அமைன் சும்மா இருக்காது. இன்னொரு ஐசோசயனேற்றுக் கூட்டத்தைப் பிடித்து யூரியாப் பிணைப்பாகும். ஆகவே ஒரு நீர் மூலக்கூறு இரண்டு ஐசோசயனேற்றுக் கூட்டங்களைத் தின்றுவிடுகிறது. ஒரு மூல் ஐசோசயனேற்றுக் கூட்டத்தோடு சேரும் அளவை ஒரு சமவலு என்போம். 18 கிராம் நீருக்கு இரண்டு சமவலு என்பதால், நீரின் சமவலுத் திணிவு வெறும் 9 கிராம். இந்த 9 என்ற எண்ணை மறக்காதீர்கள்.

எது எவ்வளவு வேகம்? ஊக்கி இல்லாத நிலையில், முதலான அற்ககோலுக்கு (ஐதரொட்சில் தாங்கும் காபனோடு ஒரு காபன் மட்டும் சேர்ந்தது) 100 என்று வைத்தால், நீரும் ஏறக்குறைய 100. வழியான அற்ககோல் (இரண்டு காபன் சேர்ந்தது) 30 அளவில், புடையான அற்ககோல் (மூன்று காபன் சேர்ந்தது) 1 கூட இல்லை. அலிபாற்றிக் அமைன்கள் ஆயிரம் மடங்காய் இருக்கும். கரைப்பானும் வெப்பநிலையும் மாறினால் எண்கள் மாறும். ஒழுங்கு பெரும்பாலும் மாறாது. வழியான அற்ககோலோடு வேலை செய்யும்போது நீர் உங்கள் தாக்கியைவிட மூன்று மடங்கு முந்திக்கொண்டு நிற்கிறது என்பதைக் கவனியுங்கள்.

வரலாறு சுருக்கமாக: ஐசோசயனேற்றை அற்ககோலோடு சேர்த்து யூரேத்தேன் செய்யலாம் என்பதை 1849இல் பிரான்சின் வுர்ட்ஸ் காட்டினார். இரண்டு கூட்டங்கள் கொண்ட ஐசோசயனேற்றையும் இரண்டு ஐதரொட்சில் கொண்ட அற்ககோலையும் சேர்த்தால் சங்கிலி நீளும் என்பதை ஜேர்மனியின் லெவர்குசனில் ஒட்டோ பேயர் குழுவினர் 1937இல் கண்டார்கள். இன்று வாழைச்சேனைத் துறைமுகத்து மீன் பெட்டிகளின் இரட்டைச் சுவருக்குள் இருக்கும் மஞ்சள் நுரையும், கல்முனைக் கடைகளில் விற்கும் ஸ்பொஞ் மெத்தையும் அந்தக் கண்டுபிடிப்பின் பிள்ளைகள். வெள்ளை ரெஜிபோம் வேறு. அது பொலிஸ்ரைரீன், ஐசோசயனேற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

படி 2: எந்த ஐசோசயனேற்று, என்ன ஆபத்து

நான் பரிந்துரைப்பது பொலிமெரிக் எம்.டி.ஐ. (மெதிலீன் இருபீனைல் இருஐசோசயனேற்று வகை). கபில நிறத் திரவம். அறை வெப்பநிலையில் அதன் ஆவியமுக்கம் மிகக் குறைவு. ரி.டி.ஐ. (தொலுயீன் இருஐசோசயனேற்று) அதைவிடப் பல மடங்கு ஆவியாகும். மாணவர் ஆய்வுக்கு அது தேவையில்லை. தூய எம்.டி.ஐ. 40 பாகை செல்சியஸ் அளவில் உருகும் திண்மம். வைத்திருக்கும்போது தன்னோடு தானே சேர்ந்து இருபகுதியமாகும் என்பதால் குளிரூட்டியில் வைக்கவேண்டும். நம் ஊர் மின்வெட்டோடு அது தலையிடி.

ஆபத்தை மறைக்காமல் சொல்கிறேன். ஐசோசயனேற்றுகள் சுவாசத்தில் ஒவ்வாமையை ஏற்படுத்தும். ஒரு தடவை உடல் உணர்திறன் அடைந்துவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே ஆளை மூச்சுத் திணற வைக்கும். அதிலிருந்து மீள்வது நிச்சயமில்லை. அமெரிக்க வேலைத்தள விதிகளில் எம்.டி.ஐ.க்கான உச்ச வரம்பு, காற்றின் பத்து இலட்சம் பகுதியில் 0.02 பகுதி. மணம் தெரியும் அளவுக்குக் காற்றில் இருந்தால் வரம்பு ஏற்கெனவே தாண்டியாயிற்று. மணக்கவில்லை என்பதை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. முட்டு வருத்தம் உள்ளவர்கள் இந்த வேலைக்கு வரக்கூடாது. எம்.டி.ஐ.யைத் தனியாகச் சூடாக்கல், விசிறல் இரண்டும் கூடாது. நைற்றைல் கையுறை, கண்ணாடி, முழுக்கை மேற்சட்டை கட்டாயம். துணி முகக்கவசம் எந்தப் பாதுகாப்பும் தராது.

போபாலை நினைத்துச் சிலர் பயப்படுவார்கள். 1984 டிசெம்பரில் அங்கு வெளியேறியது மெதயில் ஐசோசயனேற்று. 39 பாகையிலேயே கொதிக்கும் வேறு பொருள். ஆனால் அந்தத் தாங்கிக்குள் புகுந்து தாக்கத்தைக் கிளப்பியது நீர்தான். ஐசோசயனேற்றுப் போத்தலுக்குள் நீர் போனால் மூடியை இறுக்கி வைக்கக்கூடாது என்ற விதி நம் சிறிய போத்தலுக்கும் பொருந்தும். காபனீரொட்சைட்டு சேர்ந்து போத்தல் வெடிக்கும்.

படி 3: அற்ககோல்களைத் தெரிவு செய்தல்

இரண்டு வகை வேண்டும். வேகத்தைப் படிக்க ஒற்றை ஐதரொட்சில் கொண்டவை: பியூற்றன்-1-ஓல் முதலானது, பியூற்றன்-2-ஓல் வழியானது, 2-மெதயில்புரொப்பன்-2-ஓல் புடையானது. மூன்றிலும் ஒரே எண்ணிக்கையில் காபன் இருப்பதால் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

பல்பகுதியத்தைப் படிக்க ஆமணக்கெண்ணெய். மருந்துக் கடையிலேயே கிடைக்கும். அதன் கொழுப்பமிலங்களில் பெரும்பங்கு, பத்தில் ஒன்பது அளவு, ரிசினோலெயிக் அமிலம். அந்த அமிலத்தின் 12ஆம் காபனில் ஒரு வழியான ஐதரொட்சில். ஆகவே ஒரு எண்ணெய் மூலக்கூற்றில் சராசரி 2.7 ஐதரொட்சில்கள் வரும். பெற்றோலியத்திலிருந்து வரும் பொலியோலுக்காக (பல ஐதரொட்சில் கொண்ட அற்ககோல்) கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. வாசனை சேர்த்த எண்ணெயும் தலைக்கு வைக்கும் கலவை எண்ணெயும் ஒத்துவராது.

படி 4: நீரை வெளியேற்றுதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

முதலில் ஒரு கணக்கு. 100 கிராம் ஆமணக்கெண்ணெயில் 0.1 வீதம் நீர், அதாவது 0.1 கிராம் இருக்கிறது என்று வைப்போம். இரண்டு துளி. அது 0.1 ÷ 9 = 0.011 சமவலு ஐசோசயனேற்றைத் தின்னும், பொலிமெரிக் எம்.டி.ஐ.யில் 1.5 கிராம். இது பெரிதாகத் தெரியாது. ஆனால் வெளியேறும் காபனீரொட்சைட்டு 0.1 ÷ 18 = 0.0056 மூல், 30 பாகையில் அதன் கனவளவு 138 மி.லீ. அளவில். எண்ணெயும் எம்.டி.ஐ.யும் சேர்ந்த கலவையின் கனவளவே 135 மி.லீ.தான். இரண்டு துளி நீர், கலவையின் கனவளவுக்குச் சமமான வாயுவைக் கிளப்புகிறது. தெளிந்த கட்டியாக வரவேண்டியது குமிழி நிறைந்த கட்டியாக வருவதற்கு இதற்கு மேல் காரணம் தேட வேண்டாம்.

வேகப் பரிசோதனையில் கரைப்பானாகப் பாவிக்கும் தொலுயீனிலும் இதே கதை. அறை வெப்பநிலையில் ஒரு லீற்றர் தொலுயீன் அரைக் கிராமுக்குச் சற்றுக் குறைவாக நீரைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெளிவாகவே இருக்கும். 200 மி.லீ. எடுத்தால் 0.09 கிராம் அளவு, சமவலுவில் 0.01. கீழே வரும் வேகப் பரிசோதனையில் மொத்த ஐசோசயனேற்றே 0.02 சமவலுதான் என்பதால், ஈரமான தொலுயீன் அதில் பாதியைக் கொண்டுபோகக்கூடும்.

செய்யும் முறை:

மூலக்கூற்று அரிதட்டு மணிகளில் (நீரை உறிஞ்சும் நுண்துளை மணிகள்) 3 அங்ஸ்ரொம் துளை வகையை வாங்குங்கள். 4 அங்ஸ்ரொம் மணிகளைவிட அற்ககோலுக்கு இது பொருத்தம். நீர் மட்டும் உள்ளே போகும், அற்ககோல் போகாது. 250 முதல் 300 பாகையில் சில மணி நேரம் உலையில் வைத்து, உலர்த்திச் சாடிக்குள் ஆறவிட்டு, பிறகே பாவியுங்கள். போத்தலில் இருந்து நேரே எடுத்த மணி ஏற்கெனவே நம் காற்றைக் குடித்திருக்கும். தொலுயீனுக்கும் பியூற்றனோல்களுக்கும் பத்தில் ஒரு பங்கு திணிவு மணி போட்டு, இறுக மூடி, இரண்டு நாள் விடுங்கள்.

ஆமணக்கெண்ணெய் தடிப்பானது, மணி போட்டுப் பயனில்லை. தாழமுக்கத்தில் 105–110 பாகையில் இரண்டு மணி நேரம் கிண்டியபடி சூடாக்க வேண்டும். குமிழி நின்றபின் உலர்த்திச் சாடியில் ஆறவிடுங்கள். சூடான எண்ணெயோடு எம்.டி.ஐ.யைக் கலக்கவேண்டாம்.

மாதத்தையும் பாருங்கள். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான் காற்று அடிக்கும் நாட்களின் பகற்பொழுது இந்த வேலைக்கு நல்லது. ஐப்பசிக்குப் பிறகு மாரி தொடங்கினால் ஈரப்பதன் குறையவே குறையாது. எந்த மாதமானாலும் ஒவ்வொரு ஓட்டத்திற்கும் அறையின் ஈரப்பதனையும் வெப்பநிலையையும் கொப்பியில் எழுதுங்கள்.

வேண்டாத நீரும் அற்ககோலும் ஐசோசயனேற்றைத் தின்றுவிடுவதைத் தளபாட வேலைத்தலங்களில் கண்ணாலேயே காணலாம். காத்தான்குடியில் ஒருவர் கதவொன்றுக்கு இரட்டைப் பொதி பி.யூ. (பொலியூரேத்தேன்) பொலிஷ் அடித்துவிட்டு, நாட்கணக்காகக் காயவில்லை என்று காட்டினார். விரல் வைத்தால் ரேகை பதிந்தது. "சேர், ஹாட்னரை அளந்துதான் போட்டன், காயுதில்ல" என்றார். "காக்கா, எந்தத் தின்னர் ஊத்தின நீங்க?" என்று கேட்டேன். மலிவான சாதாரணத் தின்னர் ரின்னைக் காட்டினார். அந்த வகைத் தின்னரில் அற்ககோல் கலந்திருக்கும், நீரும் இருக்கும். ஹாட்னரில் உள்ள ஐசோசயனேற்று, பிசினின் ஐதரொட்சிலைத் தேடிப் போகமுன் தின்னரின் அற்ககோலோடு சேர்ந்து முடிந்துவிட்டது. ஒற்றை ஐதரொட்சில் அற்ககோல் சேர்ந்த முனையிலிருந்து சங்கிலி நீள முடியாது. பி.யூ.வுக்கென்று விற்கும் தின்னர் விலை கூடியதாய் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 5: ஐசோசயனேற்று எவ்வளவு என்று அளத்தல்

போத்தலின் லேபலில் ஐசோசயனேற்றுக் கூட்டம் 31 வீதம் என்று இருக்கலாம். திறந்து மூடிய போத்தல் என்றால் அதை நம்பாதீர்கள். இருபியூற்றைல் அமைன் கொண்டு பின்நியமிப்பு செய்யுங்கள். இந்த முறையின் அழகு இதுதான்: வழியான அமைன் ஐசோசயனேற்றோடு கணப்பொழுதில் சேர்ந்து யூரியாவாகும். மிச்சமான அமைனை அமிலத்தால் நியமித்தால் எவ்வளவு சேர்ந்தது என்று தெரிந்துவிடும்.

0.1 மூலர் அமைனை உலர் தொலுயீனில் கரைத்து வையுங்கள். உலர்ந்த கூம்புக் குடுவையில் 0.25 கிராம் எம்.டி.ஐ.யை நான்கு தசமத் தராசில் நிறுத்து, குழாயியால் 25 மி.லீ. அமைன் கரைசல் சேர்த்து, மூடி, 15 நிமிடம் சுழற்றி விடுங்கள். 100 மி.லீ. ஐசோபுரொப்பனோல் ஊற்றி, புரோமோபீனோல் நீலம் சில துளி விட்டு, 0.1 மூலர் ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமியுங்கள். நீலம் போய் மஞ்சள் நிலைக்கும் இடம் முடிவுப்புள்ளி. இடையில் பச்சை கலந்த ஒரு நிறம் வரும். அங்கே நிறுத்தாதீர்கள், ஆனால் துளித்துளியாக விடுங்கள். எம்.டி.ஐ.யின் கபில நிறம் இந்த மாற்றத்தைக் கொஞ்சம் மங்கவைக்கும் என்பதால் குடுவையின் கீழ் வெள்ளைத் தாள் வையுங்கள். எம்.டி.ஐ. இல்லாத வெற்று நியமிப்பு ஒன்றும் கட்டாயம்.

கணிப்பு: வெற்று வாசிப்பிலிருந்து மாதிரி வாசிப்பைக் கழித்து, அமிலச் செறிவாலும் 4.2ஆலும் பெருக்கி, மாதிரித் திணிவால் வகுங்கள். வெற்று 25.00 மி.லீ., மாதிரி 6.55 மி.லீ. என்றால் 18.45 × 0.1 × 4.2 ÷ 0.25 = 31.0 வீதம். 4.2 எங்கிருந்து வந்தது? ஐசோசயனேற்றுக் கூட்டத்தின் திணிவு 42. மில்லிமூலை வீதமாக மாற்றும்போது 4.2 ஆகிறது. வீதத்தால் 4200ஐ வகுத்தால் சமவலுத் திணிவு: 4200 ÷ 31 = 135.5 கிராம்.

எண்ணெயின் பக்கம் ஐதரொட்சில் பெறுமானம் வேண்டும், அதாவது எண்ணெயிலுள்ள ஐதரொட்சிலை அதற்கு ஈடான பொட்டாசியம் ஐதரொட்சைட்டின் அளவாகச் சொல்லும் எண். ஆமணக்கெண்ணெய்க்கு அது ஒரு கிராமுக்கு 160 மில்லிகிராம் பொட்டாசியம் ஐதரொட்சைட்டு என்ற அளவில் இருக்கும். 56100 ÷ 160 = 350.6 கிராம் சமவலுத் திணிவு. ஆக 100 கிராம் எண்ணெய்க்கு 0.285 சமவலு, அதற்குச் சரிசமமாக 38.65 கிராம் எம்.டி.ஐ.

படி 6: வேகத்தைப் படித்தல்

உலர்ந்த குடுவையில் 2.71 கிராம் எம்.டி.ஐ. (0.02 சமவலு). பியூற்றன்-1-ஓல் 29.6 கிராம் (0.4 மூல்). உலர் தொலுயீனால் மொத்தம் 200 மி.லீ. ஆக்குங்கள். அற்ககோல் 20 மடங்கு கூடுதலாய் இருப்பதால் அதன் செறிவு கிட்டத்தட்ட மாறாது; தாக்கம் போலி முதலாம் வரிசையாக, அதாவது வேகம் ஐசோசயனேற்றின் செறிவை மட்டும் பொறுத்ததுபோல், நடக்கும். 30 பாகை நீர்த்தொட்டியில் குடுவையை வைத்து, மூடியில் உலர்த்திக் குழாய் பொருத்துங்கள். அறையே 30 பாகையில் இருக்கும் ஊரில் இந்த வெப்பநிலையைப் பேணுவது இலகு.

0, 10, 20, 40, 60, 90 நிமிடங்களில் 10 மி.லீ. எடுத்து, 20 மி.லீ. அமைன் கரைசலுக்குள் விடுங்கள். அமைன் அற்ககோலைவிட எத்தனையோ மடங்கு வேகமாக மிச்ச ஐசோசயனேற்றைப் பிடித்துவிடுவதால், தாக்கம் அந்தக் கணத்திலேயே நின்றுவிடும். பிறகு ஆறுதலாக இருந்து நியமிக்கலாம். வெற்றுக்கு 20 மி.லீ., தொடக்க மாதிரிக்கு 10 மி.லீ. அளவில் வரவேண்டும். வெற்றிலிருந்து மாதிரியைக் கழித்தால் வருவது மிச்சமுள்ள ஐசோசயனேற்றுக்கு நேர்விகிதசமன். அதன் இயற்கை மடக்கையை நேரத்திற்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் சாய்வின் பருமன் தோற்ற வீதமாறிலி.

அப்புறம், அற்ககோல் சேர்க்காத இரண்டாவது குடுவை ஒன்றை அதே தொட்டியில் வையுங்கள். எம்.டி.ஐ.யும் தொலுயீனும் மட்டும். அதன் வாசிப்பு நேரத்தோடு விழுந்தால் உங்கள் தொலுயீனில் நீர் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. நான் திருத்திய ஆய்வறிக்கைகளில் இந்த வெறும் குடுவை இல்லாதவையே அதிகம். அது இல்லாத வீதமாறிலியை நான் ஏற்பதில்லை.

மூன்று பியூற்றனோல்களுக்கும் செய்யுங்கள். முதலானது பிற்பகலுக்குள் நன்றாக நகரும், வழியானது மெதுவாக, புடையானது அசைந்ததே தெரியாது. புடையானதில் வாசிப்பு கணிசமாக விழுந்தால் அற்ககோலை நினைக்காதீர்கள், நீரைத் தேடுங்கள்.

அற்ககோலின் செறிவை இரட்டிப்பாக்கினால் தோற்ற மாறிலி சரியாக இரட்டிப்பாகும் என்று எதிர்பார்ப்பீர்கள். பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாக வரும். காரணம், அற்ககோல் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஐதரசன் பிணைப்பில் கூடி நிற்கும். அந்தக் கூட்டு தனி மூலக்கூறைவிட நன்றாகத் தாக்கும். ஒரு அற்ககோல் தாக்க, இன்னொன்று ஐதரசனைக் கைமாற்றி உதவுகிறது. 1940களின் இறுதியில் இரசாயனவியலாளர் பேக்கர் இதையும் ஊக்கிகளின் பங்கையும் ஆராய்ந்தார். கூடுதல் அற்ககோலோடு எடுத்த ஒரு நேர்கோட்டை மட்டும் வைத்து 'இரண்டாம் வரிசை' என்று எழுதிவிடவேண்டாம்.

ஊக்கி ஒப்பீட்டுக்கு, மூவெதிலீன் இருவமைன் ஒன்றும், இருபியூற்றைல் வெள்ளீய இருலோறேற்று ஒன்றும் போதும். இரண்டையும் தொலுயீனில் 1 வீதக் கரைசலாக்கி, துளிக்கணக்கில் சேருங்கள். அமைன் ஊக்கி நீர்த் தாக்கத்தையும் சேர்த்தே வேகப்படுத்தும். வெள்ளீய ஊக்கி அற்ககோல் பக்கம் கூடுதலாகச் சாயும். வெள்ளீயச் சேர்மம் நச்சு, தோலில் படக்கூடாது. 40, 50 பாகையிலும் ஓட்டம் எடுத்தால் ஏவற்சக்தியைக் கணிக்கலாம். அது வழக்கமான அரேனியஸ் வரைபுதான்.

படி 7: பல்பகுதியமும் வெப்பமும்

20 கிராம் உலர்ந்த ஆமணக்கெண்ணெயும் 7.73 கிராம் எம்.டி.ஐ.யும். பொலிப்புரொப்பிலீன் கோப்பையில் ஒரே நிறமாகும் வரை கிண்டுங்கள். வெளியே ரெஜிபோம் உறை. வெப்பமானியை நடுவில் நிறுத்தி, நிமிடத்திற்கு ஒரு வாசிப்பு.

ஒரு மூல் யூரேத்தேன் பிணைப்பு உருவாகும்போது 83 கிலோயூல் அளவு வெப்பம் வெளிவரும். இந்தக் கலவையில் 0.057 சமவலு என்றால் 4.7 கிலோயூல். கலவையின் தன்வெப்பக் கொள்ளளவு கிராமுக்கு 2 யூல் அளவில் என்று எடுத்தால், வெப்பம் வெளியே போகாவிட்டால் 85 பாகை ஏறும். ஊக்கி இல்லாமல் செய்தால் தாக்கம் மணிக்கணக்காய் இழுபடும். வெப்பம் வரும் வேகத்திலேயே கசிந்துபோய்விடும், வெப்பமானி சில பாகைதான் காட்டும். வெள்ளீய ஊக்கிக் கரைசல் சில துளி விட்டால் ஏற்றம் தெளிவாகத் தெரியும். இதே கலவையை வாளிக்கணக்கில் செய்தால் நடுப்பகுதி ஆபத்தாகச் சூடேறும். சிறிய அளவிலேயே நில்லுங்கள்.

குச்சியால் தூக்கிப் பார்த்தால் கலவை முதலில் தேன் போல் வடியும். பிறகு நூலாக இழுபடும். ஒரு கட்டத்தில் நூல் அறுந்து, குச்சியோடு முழுக்கட்டியும் எழும்பும். அதுதான் கூழ்ப்புள்ளி. பல்பகுதிய விஞ்ஞானி பிளோரியின் கணிப்பின்படி, இரண்டு பக்கமும் சராசரி 2.7 கூட்டங்கள் இருந்தால் ஒன்றை 1.7ஆல் வகுக்க வேண்டும், வருவது 0.59. அதாவது 59 வீதப் பிணைப்புகள் உருவானதுமே கோப்பை முழுதும் ஒரே வலையாகிவிடும். மிச்ச 41 வீதம் அதன் பிறகு அந்தத் திண்மத்துக்குள் நடக்கிறது. கூழான மாதிரி எந்தக் கரைப்பானிலும் கரையாது என்பதால் நியமிப்பும் அத்தோடு முடிந்தது. வேகத்தைப் பியூற்றனோலில் படிக்கச் சொன்னதன் காரணம் இதுவே.

படி 8: நீரை வேண்டுமென்றே சேர்த்தல்

இரண்டு கோப்பைகளை இரண்டு தசமத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் படி 7இன் உலர் கலவை. மற்றதில் 20 கிராம் எண்ணெயோடு 0.2 கிராம் நீரும், அதற்கு ஈடாக 10.74 கிராம் எம்.டி.ஐ.யும். உலர் கோப்பையின் திணிவு மறுநாளும் அப்படியே நிற்கும். படி 1இல் அடிக்கோடிட்ட விடயம் தராசில் தெரிகிறது. நீர்க் கோப்பை பொங்கும். அதன் திணிவு 0.49 கிராம் வரை குறையலாம். நுரைக்குள் சிறைப்பட்ட வாயுவும் கரைந்த வாயுவும் உள்ளே நிற்பதால் குறைவு சற்றுச் சிறிதாகவே வரும்.

காபனீரொட்சைட்டின் கனவளவு 276 மி.லீ. அளவு, கலவையோ 30 மி.லீ. இருந்தும் நுரை பத்து மடங்கு எழாது. குமிழிச் சுவர் இறுகமுன் வாயு தப்பிவிடுகிறது. மெத்தைத் தொழிற்சாலைகள் சிலிக்கோன் மேற்பரப்புப்பொருளும், இரண்டு ஊக்கிகளின் அளந்த கலவையும் சேர்ப்பது, வாயு வரும் வேகத்தையும் சுவர் இறுகும் வேகத்தையும் ஒத்துப்போக வைக்கத்தான்.

படி 9: அகச்சிவப்பு நிறமாலை

வசதி இருந்தால் தவறவிடாதீர்கள். ஐசோசயனேற்று 2270 செ.மீ.⁻¹ அருகில் பலமான உச்சி தரும். அந்த இடத்தில் வேறு கூட்டங்கள் அரிது. உச்சி சிறுக்கச் சிறுக்க, 3300 பக்கம் நைதரசன்–ஐதரசன் உச்சியும், 1530 அருகில் யூரேத்தேனுக்குரிய உச்சியும் வளரும். உச்சியின் உயரத்தை நேரே ஒப்பிடாமல், மாறாத 2900 பக்கக் காபன்–ஐதரசன் உச்சியோடு விகிதம் எடுங்கள். படலத்தின் தடிப்பு மாறினாலும் விகிதம் நிலைக்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். காற்றில் உள்ள காபனீரொட்சைட்டு 2350 பக்கம் இரட்டை உச்சி காட்டும்; பின்னணி வாசிப்பைப் புதிதாக எடுத்தால் மறையும். ஆமணக்கெண்ணெயின் எசுத்தர் 1740 பக்கம் நிற்பதால் யூரேத்தேனின் காபொனைல் உச்சி அதற்குள் ஒளிந்துகொள்ளும். அதை வைத்து அளவு சொல்லாதீர்கள். 1640 பக்கம் தோள் போல் ஒன்று எழுந்தால் அது யூரியா, நீர் புகுந்ததன் அடையாளம். உலர்ந்தது என்று நினைத்த மாதிரியில் முதலில் நான் பார்க்கும் இடம் அதுதான்.

படி 10: மிச்சத்தை அழித்தல்

தண்ணீரில் 5 முதல் 10 வீதம் சோடியம் காபனேற்றும் சிறிது சவர்க்காரத் திரவமும் கலந்து முன்கூட்டியே ஒரு வாளியில் வையுங்கள். எம்.டி.ஐ. பட்ட கண்ணாடி, குச்சி, கையுறை எல்லாம் அதற்குள். சிந்தினால் மணலோ மரத்தூளோ போட்டு உறிஞ்சி, அதையும் அதே வாளியில் போடுங்கள். தோலில் பட்டால் உடனே துடைத்துவிட்டு, சவர்க்காரம் போட்டு நிறைய நேரம் கழுவுங்கள். இறுகிய பிறகு எளிதில் போகாது. தொலுயீனும் அமைனும் கலந்த நியமிப்புக் கழிவு தொட்டிக்குள் போகக்கூடாது. சேதனக் கழிவுப் போத்தலில் சேர்த்து ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

வாளியை பியூம் ஹூட்டுக்குள் குறைந்தது இரண்டு நாள் திறந்தபடி வையுங்கள். குமிழி வருவது முற்றாக நின்ற பிறகே மூடி போடலாம்.